மாதரசியின் முதல் பணியாரம்

கடலில் பாய்மரங்கள் மட்டுமே ஓடிய காலத்தில், முத்தலைத்துறை என்ற பட்டினத்தை ஓர் அரசன் ஆண்டுவந்தான். அவன் அரண்மனையில் இருக்கட்டும். நம் கதை துறைமுகத்துக்குப் பின்னால், உப்புக்காரத் தெருவில், ஒரு சின்ன அடுப்படியில் தொடங்குகிறது. கேளுங்கள்.

அந்த அடுப்படி மாதரசியுடையது. அவள் கணவன் சாத்தன் கப்பல்களில் மூட்டை ஏற்றுகிறவன். ஒருநாள் பலகை வழுக்கி விழுந்தான். இடுப்பு பிசகியது. அதன்பின் அவனால் மூட்டை தூக்க முடியவில்லை. வீட்டில் இருந்ததெல்லாம் ஒரு குழிச்சட்டி, அரைப்படி அரிசி, இரண்டு கருப்பட்டி. மாதரசி அரிசியை இடித்தாள், கருப்பட்டியைப் பாகு காய்ச்சினாள், பணியாரம் சுட்டாள். அடுப்படி ஜன்னலைத் திறந்து விற்கத் தொடங்கினாள்.

அவளுக்கு எதற்கெடுத்தாலும் கவலை. உள்ளே வெந்திருக்குமா? பாகு கருகியிருக்குமா? மாவு புளித்திருக்குமா? வாங்கிப் போகிறவர் வீட்டில் குழந்தை இருக்குமே, அதன் வயிற்றுக்கு ஏதாவது வந்துவிட்டால்? இந்தக் கவலை தாங்காமல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். முதல் ஈடு இறக்கியதும் ஒரு பணியாரத்தை எடுத்து, ஊதி ஊதித் தானே தின்பாள். அது தொண்டைக்குள் இறங்கிய பிறகுதான் ஜன்னலைத் திறப்பாள்.

அந்தப் பட்டினத்திலோ, சமைத்தவள் கடைசியில்தான் உண்ண வேண்டும். எல்லாரும் உண்டு கைகழுவிய பிறகு, பானையில் மிஞ்சியது அவளுக்கு. ஆக்கினவளே முதலில் வாயில் வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள்.

முதலில் சாத்தன் சொன்னான்: "ஏன்டி, எல்லாருக்கும் கொடுத்துவிட்டுத் தின்றால் ஆகாதா? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?"

அடுத்து, பக்கத்து வீட்டு ஆவுடை சொன்னாள். கோயில் திருவிழாக்களுக்கு எள்ளுருண்டை பிடிக்கிறவள் அவள். "மதினி, இருபது வருஷமாக உருண்டை பிடிக்கிறேன். ஒரு எள் என் நாக்கில் பட்டதில்லை. நீ என்னவென்றால் புது மாப்பிள்ளை மாதிரி முதல் பந்தியில் உட்காருகிறாய்."

மூன்றாவது ஆள் காரி. கடைத்தெருவில் பெரிய பலகாரக்கடை அவனுடையது. மாதரசியின் ஜன்னலில் கூடிய கூட்டம் அவன் கண்ணை உறுத்தியது. அவன் அவளிடம் சொல்லவில்லை, ஊரிடம் சொன்னான். "எச்சில் பணியாரம் வேண்டுமா? உப்புக்காரத் தெருவுக்குப் போங்கள். அம்மாள் தின்று மிச்சம் வைத்தால் உங்களுக்குக் கிடைக்கும்."

எச்சில் என்ற ஒரு சொல் போதாதா? முதல் வாரம் கூட்டம் பாதியானது. இரண்டாம் வாரம் கால்வாசியானது. மூன்றாம் வாரம் மாதரசி ஈ ஓட்டினாள்.

சரி, தின்னாமலே விற்றுப் பார்ப்போம் என்று ஒரு காலையில் துணிந்தாள். மாலுமி ஒருவன் பணியாரம் வாங்க வந்தான். இலையை நீட்டினாள். ஆனால் கை விடவில்லை. அவன் இழுக்கிறான், இவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"விடு தாயே, கப்பல் போய்விடும்."

"கொஞ்சம் இருங்கள் அண்ணே," என்று ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அவன் தலையில் அடித்துக்கொண்டு வெறுங்கையோடு போனான்.

அந்த வாரமே அரண்மனை முரசு முழங்கியது. துறைமுகத்துக்குக் கல்சுவர் எழுப்பப் போகிறார்கள். கல் சுமக்கும் நூறு பேருக்குத் தினமும் காலைப் பலகாரம் செய்ய ஓர் ஆள் வேண்டும். திறமை உள்ளவர் முற்றத்துக்கு வந்து செய்து காட்டலாம். பண்டங்களை அரண்மனையே தரும்.

"போகாதே, ஊர் கூடிச் சிரிக்கும்," என்றான் சாத்தன்.

"சிரிக்கட்டுமேங்க. இதுவும் கிடைக்காவிட்டால் நம் அடுப்பை அவிக்க வேண்டியதுதான்," என்றாள் மாதரசி. குழிச்சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

முற்றத்தில் மூன்று அடுப்புகள், மூன்று பேர்: காரி, ஆவுடை, மாதரசி. மூவருக்கும் ஒரே அண்டாவிலிருந்து கருப்பட்டிப் பாகு ஊற்றினார்கள். நல்ல நிறம், நல்ல மணம். காரி பொரியுருண்டை பிடித்தான். ஆவுடை எள்ளுருண்டை பிடித்தாள். மாதரசி பணியாரம் சுட்டாள்.

முதல் ஈடு இறங்கியது. ஒன்றை எடுத்து ஊதினாள்.

"மகாராசா வாயில் வைக்கும் முன்னால் நீ வைப்பாயா? தலை போய்விடும்," என்றான் காரி.

மாதரசி ஒருமுறை அரண்மனை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் கடித்தாள். நாக்கு சுருண்டது. எட்டிக்காயைக் கடித்தாற்போல அப்படி ஒரு கசப்பு. சேவகனிடம் மெதுவாக வேறு பாகு கேட்டாள். "இதுதான் பாகு, வேறு கிடையாது," என்றான் சேவகன். அவள் சுட்டதையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டு, இலையை வெறுமனே விரித்தாள்.

அரசன் வந்தான். காரியின் முன் நின்றான். "எப்படி இருக்கும்?"

"தேவாமிர்தம், மகாராசா."

"அப்படியானால் நீயே ஒன்று தின்."

காரி ஒன்றை வாயில் போட்டான். போட்டவன் மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றான். கண்ணில் நீர் முட்டியது.

ஆவுடையிடமும் அதையே சொன்னான் அரசன். இருபது வருஷத்தில் முதல் முறையாகத் தான் பிடித்த உருண்டையைக் கடித்தாள் ஆவுடை. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்குத் தெரியவே தெரியாது ஐயா," என்று அழுதாள்.

மூன்றாவதாக மாதரசியிடம் வந்தான். "உன் இலை ஏன் காலி?"

"தின்று பார்த்தேன் மகாராசா. கசக்கிறது. பாகில் கோளாறு. இதை நான் யாருக்கும் தரமாட்டேன்."

"எனக்கு முன்னால் தின்றாயா?"

மாதரசி கைகூப்பினாள்.

"ஆமாம் மகாராசா. யாராக இருந்தாலும் அவர்களுக்கு முன்னால் நான்தான் தின்பேன். கெட்டிருந்தால் என் வயிற்றோடு போகட்டும்."

அரசன் சிரித்தான். "நிலவேம்பைக் காய்ச்சிப் பாகில் கலக்கச் சொன்னவன் நான்தான். கசப்பே தவிர கெடுதல் இல்லை, பயப்படாதே. என் ஆட்களின் வயிற்றை யார் கையில் ஒப்படைக்கலாம் என்று பார்த்தேன். நாளைக் காலையிலிருந்து நூறு பேரும் உன் ஜன்னலுக்கு வருவார்கள்."

மாதரசி குழிச்சட்டியோடு கடைத்தெரு வழியாகவே திரும்பினாள். சந்து வழி குறுக்குதான். ஆனாலும் அன்று அவளுக்குக் கடைத்தெருதான் வேண்டியிருந்தது. தலையை நிமிர்த்தி, நடுத்தெருவில் நடந்தாள்.

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தாள். நூறு பேர் நின்றார்கள். பின்னால் ஊர்க்காரர்களும் நின்றார்கள். இலையை நீட்டினாள். ஒருவரும் வாங்கவில்லை.

"நீ சாப்பிட்டாயாம்மா?" என்றான் முதலில் நின்றவன்.

"உள்ளேயே சாப்பிட்டுவிட்டேனே அண்ணே."

"நாங்கள் பார்க்கவில்லையே."

அதற்குள் சாத்தன் இடுப்பைப் பிடித்தபடி எழுந்து வந்தான். சட்டியிலிருந்து சூடாக ஒரு பணியாரத்தை எடுத்து, ஊதி, அத்தனை பேர் பார்க்க அவள் கையில் வைத்தான். "தின்னு. பிறகு நாங்கள்," என்றான்.

அவள் தின்று முடிக்கும்வரை ஊரே கைகட்டிக் காத்து நின்றது.

தன் வாயில் வைத்துப் பார்க்காத எதையும் பிறர் இலையில் வைக்கக் கூடாது.