மூடிய கையும் பதினாறு பானைகளும்

முன்னொரு காலத்தில் ஆலங்கொடி நாட்டை மருதவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் கொடுத்த பட்டத்தை மாலையில் பிடுங்குகிற ராஜா. அவனிடம் ஒரு பெரிய யானைக் கொட்டாரம் இருந்தது. ஒரு கலாசாலையும் இருந்தது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இப்போதே கேட்காதீர்கள்.

கலாசாலையில் ஒரே பாடம்தான். ஒரு வேலையைக் குறைந்த தடவையில் முடிக்கும் வழி எது, ஆக மோசமான நாளில் அந்த வழி எத்தனை தடவை இழுக்கும்? வழிமுறைக் கணக்கு என்று அதற்குப் பெயர். கற்பித்தவர் அரசவைப் பண்டிதர் ஞானவிடங்கர். தன்னைவிட ஒருவன் சீக்கிரம் கணக்குப் போட்டுவிட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது.

பரீட்சை ராஜாவின் முன்னால் நடக்கும். வரிசையாகப் பதினாறு மூடிய பானைகள். பண்டிதர் திரைக்குப் பின்னே போய், ஒரு பானையில் மோதிரத்தை ஒளித்துவிட்டு வருவார். மாணவன் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்: மோதிரம் இந்த இடத்துக்கு வலமா, இடமா? நடுவில் பிரித்துக் கேட்டுக்கொண்டே போனால் பதினாறு எட்டாகும், எட்டு நாலாகும், நாலு இரண்டாகும். அந்த இரண்டில் ஒன்றைத் தொட வேண்டும். மோதிரம் இருந்தால் பட்டமும், வீடு திரும்ப அனுமதியும். மூன்று முறை தோற்றவன் ஆயுள் முழுக்க யானைக் கொட்டாரத்தில் சாணம் அள்ள வேண்டும்.

எழினி என்ற மாணவன் இரண்டு முறை தோற்றிருந்தான். ஊரில் அவனுக்காகக் குமுதை என்ற பெண் காத்திருந்தாள். மூன்றாம் பரீட்சைக்கு முதல் நாள் கொட்டாரம் வழியாகப் போனான். உள்ளேயிருந்து பழைய கூட்டாளிகள் குரல் கொடுத்தார்கள்.

"என்ன எழினி, நாளைக்கா? உனக்கு ஒரு கூடை எடுத்து வெச்சிருக்கோம்!"

"நல்ல கூடையா?"

"அடியில ஓட்டை. நம்ம பண்டிதர் பாடம் மாதிரி."

சிரித்தார்கள். எழினிக்குச் சிரிப்பு வரவில்லை. "கடைசியில நீங்க எந்தப் பானையைத் தொட்டீங்க?"

"நான் வலது. மோதிரம் இடதுல இருந்துச்சு."

"நான் இடது. எனக்கு வலதுல இருந்துச்சு."

எழினி அப்படியே நின்றுவிட்டான். இரண்டில் ஒன்று என்றால் பாதிப் பேராவது தேறியிருக்க வேண்டும். ஒருவன்கூடத் தேறவில்லை. மாணவன் தொட்ட பானை காலி என்றதும், மற்றதில் கையை விட்டு மோதிரத்தை எடுத்துக் காட்டுவது யார்? பண்டிதர். அதுவரை அந்த வலது கை எப்படி இருக்கும்? மூடியே இருக்கும்.

"மோதிரம் பானையிலேயே இல்லைடா."

"சபையில சொல்லிப் பாரேன். உன்னை நம்புவாங்களா, அவரை நம்புவாங்களா?"

மறுநாள் சபை கூடியது. பண்டிதர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். "ஒளித்தாயிற்று. கேளப்பா, சாணக் கூடைக்கு நேரமாகிறது!"

சபை சிரித்தது. எழினி ராஜாவை வணங்கினான். "மகாராஜா, கொட்டாரத்துக்குப் போய்விட்டால் என் குருவை நான் கௌரவிக்க முடியாது. என் பொருட்டுத் தங்கள் கையால் அவருக்குத் தாம்பூலம் தர வேண்டும்."

"பலே! கொண்டு வாருங்கள் தட்டை!" என்றான் ராஜா.

அந்த நாட்டில் ராஜா தரும் தாம்பூலத்தை இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்துத்தான் வாங்க வேண்டும். ஒற்றைக் கையால் வாங்கிய ஒரு சிற்றரசன் நாட்டையே இழந்திருக்கிறான். அவனைக் காட்டிக்கொடுத்தவரே ஞானவிடங்கர்தான்.

"மகாராஜா, எனக்குப் பல்வலி..."

"வாங்கத்தானே சொன்னேன், மெல்லச் சொன்னேனா?"

பண்டிதர் இடது கையை நீட்டினார். ராஜாவின் புருவம் ஏறியது. வேறு வழியில்லாமல் வலது கையும் விரிந்தது. மோதிரம் தரையில் விழுந்து, உருண்டு, ராஜாவின் காலடியில் நின்றது.

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் தொடையைத் தட்டிச் சிரித்தான். "பண்டிதரே, அந்தக் கூடை உமக்குத்தான்! எழினி, உனக்குப் பொன்னாடை!"

சபை கலைந்த பிறகு எழினி கைகூப்பி நின்றான். "மகாராஜா, பரீட்சை பொய்யென்று தெரிந்துவிட்டது. கொட்டாரத்தில் இருப்பவர்களை விட்டுவிடுங்கள். நானும் ஊருக்குப் போகிறேன்."

"விட்டுவிட்டால் சாணத்தை யார் அள்ளுவது?"

ராஜா காலடியில் கிடந்த மோதிரத்தைக் குனிந்து எடுத்தான்.

"ஊரில் கூப்பிட்டால் ஒருவனும் வருவதில்லை. படிக்கக் கூப்பிட்டால் வருகிறார்கள். மோதிரம் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? சபையில் கீழே விழுந்துவிட்டது, என்ன செய்ய? நீ அவரைவிடக் கெட்டிக்காரன். இனிமேல் நீதான் பண்டிதர்." ராஜா மோதிரத்தை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மடக்கிவிட்டான். "வேண்டாமென்றால் கொட்டாரத்தில் இன்னொரு கூடை இருக்கிறது."

குமுதைக்கு அடுத்த தை மாதம் வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது.

அதற்குப் பிறகு வந்த பரீட்சையில், முதல் மாணவன் பானைகளைப் பார்க்கவில்லை. எழினியின் கையைத்தான் பார்த்தான். பிறகு ராஜாவை வணங்கினான். "மகாராஜா, என் குருவுக்குத் தங்கள் கையால்..."

"பரீட்சை நாளில் தாம்பூலம் கிடையாது" என்றான் ராஜா. "புதுச் சட்டம். கேள்வியைக் கேள்."

அந்தப் பிள்ளை எழினியின் பக்கம் திரும்பினான். "வலமா, இடமா, ஐயா?"

எழினி வாயைத் திறந்தான். கையைத் திறக்கவில்லை.