முந்நூறு

"நீ போட்ட நம்பரைத்தான் தங்கச்சி நானும் போட்டேன். உன் பலகையில கோலம் விழுது. என் பலகை கருகுது."

கேட்டவர் முத்துக்கருப்பன். லாரிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டி ஒட்டி அலுத்துப்போய், பலகையில் படம் சுடும் லேசர் மெஷின் வாங்கியவர். கேட்டது ஜைத்தூனிடம். அதே தெருவில் லேசர் கடை வைத்திருக்கிறாள். வயதில் இவரைவிட இரண்டு மூன்று குறைவு. ஆனாலும் மெஷின் விஷயத்தில் அவள்தான் குரு என்று இவரே ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

கருகியது லேசுப்பட்ட பலகை இல்லை. புயலில் சாய்ந்த வீட்டுப் பலாவில் தேறியது அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை மகள் பொன்மலர் அதில் உட்கார்ந்துதான் தாலி வாங்கிக்கொள்ள வேண்டும். மணைக்கான கோலத்தை அவளே வரைந்து கொடுத்திருந்தாள்.

"வீட்டுக்குப் போகவே பயமா இருக்கு," என்றார். கண் கலங்கிவிட்டது.

"என்ன நம்பர் போட்டீங்க?"

உள்ளங்கையைக் காட்டினார். பேனாவில் எழுதியிருந்தது. வேகம் முந்நூறு.

ஜைத்தூன் உள்ளங்கையைப் பார்த்தாள். எதிர்ப்பக்க மளிகைக் கடையைப் பார்த்தாள்.

"அண்ணே, அங்க போய் முந்நூறு வாங்கிட்டு வாங்க."

குரு சொன்னால் சொன்னதுதான். மனுஷன் எழுந்து போய்விட்டார்.

போன சுருக்கில் திரும்பி வந்தார்.

"எங்க முந்நூறு?"

"தரமாட்டேங்கிறான். முந்நூறு என்ன, கிராமா மில்லியான்னு கேக்குறான்."

"யாரு?"

"கடைக்காரன்."

"நீங்க என்னைக் கேட்டீங்களா?"

முத்துக்கருப்பன் தன் உள்ளங்கையை மறுபடி பார்த்தார். முந்நூறுக்குப் பின்னால் ஒன்றும் எழுதியில்லை.

பிறகு அவளுடைய கம்ப்யூட்டர் பக்கம் குனிந்தார். வேகம் என்ற கட்டத்தில் முந்நூறு. அதை ஒட்டிப் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. செகண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர்.

"என் மெஷின்ல நிமிஷத்துக்குன்னு போட்டிருக்கும்," என்றார் மெதுவாக.

"அப்ப லேசர் ஒரே இடத்துல குந்திக்கிட்டுல்ல இருந்திருக்கும். கருகாம என்ன செய்யும்?"

"புகை வந்ததும் நிறுத்திட்டேன். ஒரு ஓரம்தான் போச்சு. ஆனா போனது போனதுதானே."

"பலகையைக் கொண்டாங்க."

"கருகினதை வச்சு என்ன பண்ணப்போற?"

"கொண்டாங்க."

கொண்டு வந்தார். ஜைத்தூன் அதைக் கருகின முகம் மேலே வரும்படி தன் மெஷினுக்குள் வைத்தாள்.

"பவர் எவ்வளவு வைக்கணும்? அதையாவது சொல்லிடு."

"என்னைக் கேட்டா? பலகையைக் கேளுங்க."

கருகலுக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்னக் கட்டமாகச் சுட்டாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பவர் கொஞ்சம் கூட, வேகம் கொஞ்சம் குறைய. சில கட்டம் தெரியவே இல்லை. சிலது தோசை தீய்ந்த மாதிரி. நடுவில் ஒன்று மட்டும் நல்ல காப்பி நிறம்.

முத்துக்கருப்பன் விரல் தானாக அதில் போய் நின்றது.

"இது."

"பலகைக்கு அடியில கால் கட்டை அடிச்சாச்சா?"

"எங்க அடிச்சேன். கோலம் போட்டுட்டு அடிக்கலாம்னு இருந்தேன்."

ஜைத்தூன் பலகையைத் தூக்கித் திருப்பிப் போட்டாள்.

மஞ்சளாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது அந்தப் பக்கம்.

முத்துக்கருப்பன் அதைத் தடவிப் பார்த்தார். மகள் வரைந்த கோலம் விழ ஆரம்பித்ததும், பலா வாசனை கடை முழுக்க ஏறியது.

"ஏன் தங்கச்சி, நாளப்பின்ன பொன்மலர் திருப்பிப் பார்த்துட்டு, இதென்னப்பா அடியில கரியும் கட்டமுமா இருக்குன்னு கேட்டா?"

ஜைத்தூன் மெஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கேக்கட்டும்ண்ணே. அவளாவது கேக்கட்டும்."