ஏ.ஐ. கை படாத கண்காட்சி

ஊருக்கு ஓர் ஓவியர் சங்கம் இருந்தால் அதற்கொரு தலைவர் இருப்பார். தலைவருக்கு ஒரு கோபம் இருக்கும். எங்கள் ஊர்த் தலைவர் அம்பலவாணனுக்கு இந்த வருஷக் கோபம் ஏ.ஐ. மேல்.

கண்காட்சிக்கு முந்தின நாள், டிக்கெட் கொடுக்கும் சொர்ணத்தைக் கூப்பிட்டார். "ஏ.ஐ. செஞ்ச எதுவும் நாளைக்கு இந்த மண்டபத்துல இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா உனக்கு வேலை இல்ல."

"சரிங்க ஐயா."

மறுநாள் வாசலில் கூட்டம் முட்டி மோதியது. கம்ப்யூட்டர் அணைந்து கிடக்க, சொர்ணம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டிக்கெட் ஏன் கொடுக்கல?" என்று பாய்ந்தார் தலைவர்.

"டிக்கெட் போடற சாப்ட்வேரை ஏ.ஐ.தான் எழுதுச்சு, நாலே நாள்ல முடிஞ்சுதுன்னு நீங்கதானே மேடையில பெருமையா சொன்னீங்க? அதான் நிறுத்திட்டேன்."

"அது வெறும் கோடிங்மா. படம்னா மனுஷனோட உயிரு. கோடிங்கை எது எழுதினா யாருக்கு என்ன நஷ்டம்?"

"எனக்கென்னங்க தெரியும்? கோடிங் எழுதிக்கிட்டிருந்த உங்க மருமகன் வேலை போய் வீட்ல இருக்காரே, அவரைக் கேளுங்க. வரிசையில மூணாவதா நிக்கிறார்."

தலைவர் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய டிக்கெட் புத்தகத்தைத் தேடி எடுத்து, தானே உட்கார்ந்து கிழித்துக் கொடுக்க ஆரம்பித்தார். மூன்றாவது டிக்கெட்டை நீட்டியபோது மட்டும் அவர் தலை நிமிரவில்லை.