கடைசிச் சவுக்கு மரம்

வீரபாகு அந்த மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. மடத்தை நடத்திவந்த ஞானாம்பிகை அம்மாளுக்கு நாற்பத்தைந்துதான் இருக்கும். வயதைப் பார்க்காமல் அவர் அம்மாளைக் குருவாக ஏற்றுக்கொண்டார். அம்மாளும் கடைசிவரை அவரை ஐயா என்றே கூப்பிட்டார்.

முப்பது வருஷம் நகராட்சிப் பூங்காவில் தோட்ட வேலை பார்த்தவர் வீரபாகு. சவுக்கில் யானை, மயில், மான் என்று வெட்டி நிறுத்துவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் வரிசையில் நின்று யானையின் தும்பிக்கையைத் தொட்டுவிட்டுப் போவார்கள். மடத்து வாசலிலும் ஆறு சவுக்கு மரங்கள் கலச வடிவத்தில் இருந்தன. எப்போதோ யாரோ வெட்டிவைத்தது. வந்த மறுநாளே அவற்றைக் கவாத்து செய்யும் வேலையைத் தனதாக்கிக்கொண்டார்.

ஒருநாள் காலை, வேலைக்கு நடுவே கேட்டார்.

“அம்மா, ஒண்ணை அது போக்குல விடுறது சரியா, நாம நினைக்கிற மாதிரி ஆக்குறது சரியா?”

“மரத்தைப் பத்திக் கேக்கிறீங்களா?”

வீரபாகு கத்திரியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

“என் மக குழல்வாய்மொழி இடது கைக்காரி. சிலேட்டு பிடிச்ச நாள்லேருந்து இடது கையாலதான் எழுதுவா. பார்க்கிறவங்க ஒரு மாதிரி பேசினாங்க. அந்தக் கையை இடுப்போட சேர்த்துத் துண்டால கட்டிவெச்சேன். ஆறு மாசம்.”

“அப்புறம்?”

“வலது கைக்கு வந்துட்டா. எழுத்து முத்து முத்தா இருக்கும். பரிசெல்லாம் வாங்கினா. ஆனா அதுக்கப்புறம் அவ என்கிட்ட மாட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை, அம்மா. இப்ப நாப்பது வயசு. என்ன சொன்னாலும் ‘சரிப்பா’ம்பா. ஒரு தடவையாவது என்னோட சண்டை போட மாட்டாளான்னு இருக்கு.”

அம்மாள் வரிசையின் கடைசி மரத்தைக் காட்டினார்.

“அதை மட்டும் விட்டுடுங்க. ஒரு வருஷம்.”

வீரபாகு விட்டார். மழைக்குப் பிறகு அது கிளம்பியது. வெயில் படுகிற பக்கம் ஆள் உயரத்துக்குக் கொம்பு வந்தது. நிழல் பக்கம் ஒன்றும் வரவில்லை. கலசத்தின் கழுத்து எது, வயிறு எது என்று தெரியாமல் போயிற்று. வருகிறவர்கள் எல்லாம், “இதை ஏன் இப்படிப் போட்டு வெச்சிருக்கீங்க, வெட்ட ஆளில்லையா?” என்று கேட்டார்கள். அவருக்குக் கை துறுதுறுத்தது. பொறுத்துக்கொண்டார்.

காற்று வரும்போது அந்த மரம் மட்டும் ஓவென்று ஒரு சத்தம் எழுப்பியது. மற்ற ஐந்தும் சும்மா நின்றன. அந்தச் சத்தத்தைப் பற்றி மகளிடம் போனில் சொன்னார்.

“எனக்கு அதைப் பார்க்கணும்ப்பா,” என்றாள் குழல்வாய்மொழி. “சனிக்கிழமை வர்றேன்.”

தனக்கு ஒன்று வேண்டும் என்று அவள் சொல்லி அவர் கேட்டதே இல்லை. போனை வைத்த பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார். மகள் வருகிற பாதையில் கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்த்தார். ஐந்து மரங்கள் ஒழுங்காக நின்றன. ஒன்று மட்டும் பரட்டைத் தலையோடு. ஓரத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டால் போதும் என்று கத்திரியை எடுத்தார். ஓரத்தை எடுத்ததும் உச்சி துருத்திக்கொண்டு தெரிந்தது. உச்சியை எடுத்ததும் பக்கவாட்டுக் கொம்பு நீளமாகத் தெரிந்தது. ஒன்பது மணி பஸ் வருவதற்குள் ஆறாவதும் கலசமாகிவிட்டது.

குழல்வாய்மொழி தோளில் பையோடு வாசலில் நின்றாள். வரிசையை ஒருமுறை பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

“எந்த மரம்ப்பா?”

“கடைசி மரம். நீ வர்றியேன்னு லேசா ஒதுக்கிவிட்டேன்.”

அவள் அதன் அருகே போய்க் கை வைத்தாள்.

“நல்லாயிருக்குப்பா.”

சாப்பிட்டார்கள். அவள் வீடு மாறியிருந்தாள். புது முகவரியை எழுதித் தருவதாகச் சொல்லிக் காகிதம் கேட்டாள். பேனாவை இடது கையில் பிடித்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். எழுத்துகள் கோணிக்கொண்டு வரியை விட்டு இறங்கின.

“ஆறு மாசமாப் பழகுறேன்,” என்றாள், நிமிராமல்.

வீரபாகுவின் வாய் முந்திக்கொண்டது.

“நான் போடுற தபால் வந்து சேரணுமேம்மா. வலது கையால எழுது.”

பேனா நின்றது.

“சரிப்பா,” என்றாள். காகிதத்தைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் எழுதினாள். முத்து முத்தாக.

மூன்று மணி பஸ்ஸில் புறப்பட்டுப் போனாள்.

பஸ் போன பிறகுதான் வீரபாகு காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். அதை எடுத்துக்கொண்டு அம்மாளிடம் போனார். அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். நல்ல எழுத்தைப் படித்தார். கோணல் எழுத்தைப் படித்தார். அதை மட்டும் இன்னொரு முறை படித்தார்.

“காலையில மரத்தை வெட்டினீங்களே, ஏன்?”

“அவ பார்க்க வர்றாளேன்னுதான், அம்மா.”

“அவங்க எதைப் பார்க்க வந்தாங்க?”



அம்மாள் எழுந்து அவரைக் கடைசி மரத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டு கையாலும் பச்சையை விலக்கினார். மேலாக ஒரு சாண் அளவுக்குத்தான் பச்சை. உள்ளே, அடிமரம் வரைக்கும், வெறும் குச்சி. எத்தனையோ மரங்களை வெட்டியவர், உள்ளே இப்படித்தான் இருக்கும் என்று தெரியாதவர் இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இனிமே கத்திரியைத் தொட மாட்டேன், அம்மா. விட்டுடுறேன். மறுபடி வளருமா?”

“வளரும், ஐயா.”

அம்மாள் கையை எடுத்தார். பச்சை மூடிக்கொண்டது.

“நீங்க நிக்கிற பக்கமா வளருமான்னு எனக்குத் தெரியாது.”