பேச்சியம்மாள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு

எங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்கிறேன். வரிசை மாறினால் அநீதிக்கு மரியாதை இல்லை.

முதல் அநீதி: ஏழரைக்குளம் பேரூராட்சி எங்கள் கீழத்தெருவில் வாய்க்கால் தோண்டி, அந்த மண்ணையெல்லாம் பேச்சியம்மாள் வீட்டுக்குப் பின்னால் கொட்டியது. இரண்டாவது: அந்த மேட்டின் உச்சியில் 'பணி நிறைவுற்றது' என்று பலகை நட்டது. மூன்றாவது: மழை வந்தபோது, குளத்துக்குப் போக வேண்டிய தண்ணீர் மேட்டில் முட்டித் திரும்பி, பேச்சியம்மாளின் அடுக்களைக்குள் புகுந்து கிரைண்டரைக் கெடுத்தது. நான்காவது: புகார் கொடுத்தால், "அந்த மண் யாருடையது?" என்று எங்களையே கேட்டது. ஐந்தாவது: பார்வையிட வந்த அலுவலர் வேறு யார் வீட்டுக்கோ பின்னால் போய் நின்று, 'மேடு ஏதும் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனது.

இவற்றை எதிர்த்துப் பிறந்ததுதான் கீழத்தெரு உரிமை மீட்புக் குழு. தலைவர் கோமதிநாயகம் அண்ணாச்சி. ஊர்வலத்தில் முன்னால் நடப்பவர். திரும்பிப் பார்க்கும் வழக்கமே கிடையாது. அதனால் சில தடவை அவர் மட்டும் வேறு தெருவுக்குப் போயிருக்கிறார். உறுப்பினர்கள் சொரிமுத்துவும் வெயிலுகந்தானும். செயலாளர் நான்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. மண்ணைக் கொட்டியவன் பெயரை நடுத்தெருவில், சாட்சிகள் முன்னால், உரக்க வாசிக்க வேண்டும். வாசித்ததும் போட வேண்டிய கோஷத்தையும் தயார் செய்து, பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தோம். வாரம் தவறாமல் ஒத்திகை பார்ப்போம்.

எங்களை முட்டாள்கள் என்று ஊரில் சிலர் சொல்வார்கள். அதை மறுத்துத் துண்டறிக்கை போட்டோம். 'நாங்கள் முட்டாள்களா?' என்ற கேள்வியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டதால், பதிலுக்குத் தாளில் இடமில்லாமல் போயிற்று.

இந்த ஐப்பசியில் மேகம் கறுத்ததும் பேச்சியம்மாள் எங்களைக் கூப்பிட்டாள். அவள் இட்லி விற்றுப் பிழைப்பவள்.

"இந்தத் தடவையும் தண்ணி உள்ள வந்து புது கிரைண்டரும் போச்சுன்னா, என் பொழப்பு அம்புட்டுத்தான். மனு எழுதுனது போதும்யா. மாசானம் மினி டிராக்டர் தாரேன்னிருக்கான். மேட்டை அள்ளுங்க."

மாசானம் அவள் கடையில் தினமும் சாப்பிடுகிறவன். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஆட்டுக் கொட்டகைக்குள் அடங்குகிற சின்ன வண்டி. முன்னால் மண் அள்ளும் வாளி. அவன் மச்சினன் கல்யாணத்துக்குப் போகும் அவசரத்தில் இருந்தான்.

"நல்லாக் கேட்டுக்கிடுங்க. எஞ்சின் சூடான பெறவு வேலை வாங்கணும். வாளியத் தூக்கிட்டா அடியில யாரும் நிக்கக் கூடாது. சரிவுல குறுக்க ஓட்டாதீய, கவுந்திரும். நேரா ஏறணும், திருப்பாம அப்படியே பின்னால இறங்கணும். வரட்டா?"

மறுநாள் காலை பேச்சியம்மாள் உளுந்து வாங்க டவுனுக்குப் போனாள். நாங்கள் வேலையைத் தொடங்கினோம். சொரிமுத்து எஞ்சினுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தான். வெயிலுகந்தான் கம்பளி போர்த்தினான். அண்ணாச்சி புறங்கையால் தொட்டுப் பார்த்து, "லேசாத்தான் காயுது. இன்னும் ஒரு செம்பு ஊத்து" என்றார்.

பிறகு ஏறி உட்கார்ந்து, நேராக மேட்டில் ஏற்றினார். வாளி நிறைந்தது. திருப்பாமல் அப்படியே பின்னால் இறங்கினார். மேடு முடிந்தது, அவர் முடிக்கவில்லை. புறவாசல் போயிற்று, துணி துவைக்கும் கல் போயிற்று, அடுக்களைச் சுவரும் போயிற்று. உள்ளே ஆட்டுரல் தடுத்ததால் வண்டி நின்றது. கிரைண்டர் ஒரு சாண் தள்ளி இருந்தது.

"அண்ணாச்சி, சுவரு!" என்று கத்தினான் சொரிமுத்து.

"எங்க நிறுத்தணும்னு மாசானம் சொன்னானா வே?"

யோசித்துப் பார்த்தோம். சொல்லவில்லை. குற்றம் மாசானத்தின் மேல்தான் என்று முடிவு செய்துவிட்டு வேலையைத் தொடர்ந்தோம்.

அப்போதுதான் வெயிலுகந்தான் கையை உயர்த்தினான். "நிறுத்துங்க. இந்த மேடு நம்ம ஆதாரமுல்லா?"

உடனே கூட்டம் போட்டோம். வெயிலாக இருந்ததால் தூக்கிய வாளியின் நிழலில் உட்கார்ந்தோம். நிற்கத்தானே கூடாது.

"மேட்டை அழிச்சிட்டா நம்ம மனுவெல்லாம் பொய்யாயிரும். அலுவலர் வந்து 'மேடு எங்கய்யா'ன்னா என்ன சொல்லுவீரு?" என்றான் வெயிலுகந்தான்.

"அள்ளிட்டோம்னு சொல்லுவோம்" என்றான் சொரிமுத்து.

"ஆதாரத்தை அழிச்சேன்னு உன்னையத்தான் உள்ள போடுவான்."

"அப்ப அள்ள வேண்டாம்."

"அள்ளலேன்னா பேச்சியக்கா உதைப்பா."

"ஜெயிலா உதையான்னு ஓட்டுக்கு விடுவோமா?"

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "ரெண்டும் வேண்டாம் வே. மேட்டை அள்ளுவோம். ஆனா அழிக்க மாட்டோம். அப்படியே தூக்கி வேற இடத்துல வைப்போம்."

கைதட்டினோம். மனுவில் பேச்சியம்மாள் வீடு என்று இருப்பதால், வேறு யார் வீட்டிலும் வைக்க முடியாது. மிச்சம் இருந்த இடம் அவள் வீட்டு முன்புறம்தான். பொழுது சாயும்வரை வாளி வாளியாகக் கொண்டுபோய்த் தெருவில் குவித்தோம். உயரம் குறையவில்லை. உச்சியில் இருந்த கருவேலந்தூரைச் சங்கிலி கட்டி இழுத்துப் பிடுங்கி, புது உச்சியில் அதே திசை பார்க்க நட்டுத் தண்ணீர் ஊற்றினோம். பலகையையும் நட்டோம். பழைய மேட்டில் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாட்டைப் பிடித்துவந்து இதன் மேல் விட்டோம். ஆதாரத்தில் குறை இருக்கக் கூடாது.

எல்லாம் முடிந்து மனுவை வாசித்துச் சரிபார்த்த வெயிலுகந்தானுக்கு முகம் வெளுத்தது. "அண்ணாச்சி, இதுல 'வீட்டுக்குப் பின்னால்'னு இருக்கு. மேடு இப்ப முன்னாலல்லா இருக்கு?"

சொரிமுத்து அழுதேவிட்டான். "திரும்ப அங்கேயே கொண்டுபோகணுமா?"

அண்ணாச்சி மேட்டைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். "மேட்டை நகட்ட ஒரு பகல் ஆச்சு. வீட்டைத் திருப்ப எம்புட்டு நேரம் ஆவப்போவுது?"

"வீட்டை எப்படி அண்ணாச்சி?"

"வாசல் எங்க இருக்கோ அதுதாம்வே முன்பக்கம்."

தலைவர் என்றால் தலைவர். வாசற்கதவைக் கழற்றி, அடுக்களைச் சுவரின் ஓட்டையில் பொருத்தினோம். பழைய வாசலை உடைந்த செங்கலால் அடைத்தோம். மேடு வீட்டுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

பேச்சியம்மாள் உளுந்து மூட்டையோடு தெருவில் வந்து நின்றாள்.

"ஏ கோமதிநாயகம்! என் வீட்டு வாசல் எங்கய்யா?"

"பின்னால போய்ப் பாருங்கக்கா. இனிமே அதுதான் முன்னால."

"வெளங்காத பயலுவளா! பாளையங்கோட்டைக்கு வழி கேட்டா பம்பாய்க்கு ரயிலேத்துவீங்களேடா!"

அவள் தோசைக்கரண்டியைத் தேடி உள்ளே போனபோது மழை பிடித்துக்கொண்டது. விடிய விடியக் கொட்டியது. தண்ணீர் தடையில்லாமல் குளத்துக்கு ஓடிற்று. அடுக்களைக்குள் ஒரு சொட்டு வரவில்லை. காலையில் கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "கூறுகெட்ட பயலுவதான். இருந்தாலும் வீடு காஞ்சு கெடக்கு" என்று ஆளுக்கு நாலு இட்லி வைத்தாள்.

அண்ணாச்சி சாப்பிட வரவில்லை. தெருத் தண்ணீர் புது மேட்டில் முட்டித் திரும்பி, எதிர்வீட்டுக்குள் புகுந்திருந்தது. எதிர்வீடு அண்ணாச்சியுடையது. மிதக்கும் கட்டிலில் உட்கார்ந்து அவர் கோபமாகப் புகார் எழுதிக்கொண்டிருந்தார்: 'எவனோ நடுத்தெருவில் மண்ணைக் கொட்டியிருக்கிறான். அவன் பெயர் தெரிந்தாக வேண்டும்.'

"அண்ணாச்சி, அது நாம வச்ச மேடுல்லா?" என்றான் வெயிலுகந்தான்.

"மேடு நம்மதுதான், இல்லேங்கல. ஆனா தண்ணி என் வீட்டுக்குள்ள வந்திருக்குல்லா? யாரையாவது கேக்க வேண்டாமா?"

நியாயம்தான். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் மனுக்களுக்கெல்லாம் அசையாத அலுவலர், அந்த வழியாகத் தன் ஜீப் போக முடியவில்லை என்றதும் அன்றைக்கே வந்தார். இதை ஆறாவது அநீதியாகச் சேர்த்துக்கொள்ளவும்.

வந்தவர் பேச்சியம்மாளை விசாரித்தார். கல்யாணச் சாப்பாடு முடித்து, வண்டியைத் தேடி வந்த மாசானத்தையும் விசாரித்தார். இருவரையும் சாட்சிகளாக நிறுத்தினார். ஊரே கூடிவிட்டது. அலுவலர் மேட்டில் ஏறி, ஆட்டைத் தள்ளிவிட்டு, பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உரக்க வாசித்தார்.

"சாட்சிகள் முன்னிலையில் வாசிக்கப்படுகிறது. இந்த மண்ணை இங்கே கொட்டியவர், கீழத்தெரு சங்கரலிங்கம் மகன் கோமதிநாயகம்."

அண்ணாச்சியின் கண்கள் கலங்கின. எத்தனை வருசப் போராட்டம்! திரும்பிப் பார்த்தே அறியாதவர் எங்களைத் திரும்பிப் பார்த்து முஷ்டியை உயர்த்தினார்.

"மண்ணைக் கொட்டிய கோமதிநாயகம்!"

"ஒழிக! ஒழிக!" என்றோம். நாங்கள் விட்டு வைத்திருந்த இடத்தில் பெயர் அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

அலுவலர் விழித்தார். பெயர் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு தடவை நிறுத்தி வாசித்தார்:

"கோமதிநாயகம்."

"ஒழிக!" என்றார் அண்ணாச்சி, எங்கள் எல்லோரையும்விட உரக்க.