பொதுக் கூடையில் போட்ட மாத்திரை

சிறுமலை அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதற்குத் தலைவி வடிவாம்பாள் அம்மா. சீடர் ஏகாம்பரம் அவரைவிட வயதில் மூத்தவர். எதையும் சட்டென்று செய்துவிட்டு அப்புறம் உட்கார்ந்து யோசிக்கிற ரகம்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பழமோ போர்வையோ, மீந்தது எதுவானாலும் பொதுக் கூடைக்குப் போய்விட வேண்டும். வேண்டியவர் எடுத்துக்கொள்வார்.

ஏகாம்பரம் வாழைத்தோட்டத்தில் கால்விரலை வெட்டிக்கொண்டார். புண் சீழ் வைத்தது. டாக்டர் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். சீழ் வற்றியதுதான் தாமதம், மனுஷர் மீதி மாத்திரைகளைக் கூடையில் போட்டுவிட்டார். தும்மியவர், இருமியவரெல்லாம் ஆளுக்கொன்று விழுங்கினார்கள். ஏகாம்பரத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

புண் திரும்பி வந்தது. பழைய மாத்திரைக்கு அசைந்து கொடுக்கவில்லை. டாக்டர் வேறு மாத்திரை எழுதி, "இதுக்கும் கேட்கலேன்னா விரலை எடுக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார்.

ஏகாம்பரம் பயந்துபோனார். நொண்டிக்கொண்டே அம்மாவிடம் வந்தார்.

"இருந்ததைப் பகிர்ந்து கொடுத்தது தப்பாம்மா?"

அம்மா வாய் திறக்குமுன் தோட்டத்தில் குரங்குகள் இறங்கிவிட்டன.

"முதல்ல அதுங்களைப் பாருங்க" என்றார் அம்மா.

ஏகாம்பரம் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டார். காது அடைத்தது. குரங்குகள் நகரவில்லை. தாட்டியான கடுவன் குரங்கு ஒன்று அவரைப் பார்த்தபடியே பழத்தை உரித்துத் தின்றது.

"போன மாசம் இதே வெடிக்குத் தலைதெறிக்க ஓடுச்சுங்களே!"

"எதுவரைக்கும் ஓடுச்சு?"

"வேலியோரப் புளியமரம் வரைக்கும். போதும்னு விட்டுட்டேன்."

"மலைக்கு விரட்டலை."

"இல்லம்மா."

"மிச்ச வெடியை என்ன பண்ணீங்க?"

"பக்கத்துத் தோட்டத்துக்காரங்களுக்குக் கொடுத்தேன். காக்காய்க்கும் அணிலுக்கும் பொழுதன்னைக்கும் போட்டுக்கிட்டே..."

ஏகாம்பரம் பாதியில் நிறுத்திவிட்டார். குனிந்து தன் கால்விரலைப் பார்த்தார்.

"அப்ப இனிமே நான் யாருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாதா?" கொடுத்தே வாழ்ந்த மனுஷர், அழுகை வந்துவிட்டது.

அம்மா கூடையில் கிடந்த மாத்திரைகளைப் பொறுக்கி, டாக்டரிடமே திருப்பித் தருவதற்காக ஒரு தாளில் மடித்தார். புது மாத்திரை அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"டாக்டர் சொன்ன நாள்வரைக்கும், சொன்னபடி, ஒண்ணு விடாம நீங்களே சாப்பிடுங்க ஐயா. மருந்துக்குப் பழகின கிருமி எங்களுக்கும் பரவாம இருக்கும். எங்களுக்கு நீங்க செய்யற தானம் அதுதான்."