சிலிர்த்த கை

ஊரில் மழை பொய்த்துப் பல ஆடிகள் போயிருந்தன. மலைக்குகைக்குப் புதிதாக ஒரு சாமியார் வந்திருந்தார். தேன் குழைத்த குரல். அவர் பேசினால் கல்லும் அழும் என்றார்கள். கல் அழுததோ என்னவோ, ஊர் அழுதது.

ஒரு நாள் உச்சிவெயிலில் ஆவுடை என்பவன் அதே மலையில் இருந்த தவமணி அம்மையின் குடிலுக்கு ஓடிவந்தான். தலை நரைத்தவன். வயதில் தன்னைவிட இளையவளான அம்மையிடம் வெகுகாலமாக மறை ஓதிவருகிறவன். கூடவே மகள் வடிவு. புதுப்பாவாடை, தலை நிறையப் பூ. இந்த அலங்காரம் எதற்கென்று பாவம், அவளுக்குத் தெரியாது.

பிள்ளையை வெளியே விளையாட விட்டுவிட்டு உள்ளே வந்து அம்மையின் காலில் விழுந்தான். நாக்கு குழறியது.

“அம்மா, பொழுது சாயறதுக்குள்ள இவளச் சுனையில போடணுமாம். போட்டா மழை வருமாம். குகைச்சாமி சொல்லுது.”

“நம்ம மறை என்ன சொல்லுது?”

“கொல்லாதேன்னு சொல்லுது.”

“அப்புறம் என்ன?”

“காலையில சாமி சொன்னப்ப எனக்கு மயிரெல்லாம் சிலிர்த்துப் போச்சும்மா. கண்ணுல தாரை தாரையாத் தண்ணி. பொய்யின்னா உடம்பு இப்படிச் சிலிர்க்குமா? தெய்வமே வந்து சொல்லுதுன்னு நெஞ்சு அடிச்சுக்குது. கேக்காம விட்டா ஊரே அழிஞ்சுருமோன்னு பயமா இருக்கு.”

கீழே மேளம் கேட்டது. ஊரார் அவனைத் தேடி மலையேறி வந்துகொண்டிருந்தார்கள்.

அம்மை எழுந்து வெளியே போனாள். வடிவின் கையை இறுகப் பிடித்துக் குடிலின் பின்பக்கம் அழைத்துப் போனாள். அங்கேதான் சுனை. பாசி பிடித்த விளிம்பு, அடி தெரியாத கறுப்புத் தண்ணீர். பிள்ளையை அதன் ஓரத்தில் நிறுத்திவிட்டு, பின்னாலேயே வந்த ஆவுடையைத் திரும்பிப் பார்த்தாள்.

“நேரமாச்சே. நானே தள்ளிடட்டுமா?”

“ஐயோ, அம்மா!”

ஆவுடை பாய்ந்து வந்து மகளை வாரி அணைத்துக்கொண்டான்.

“கையைக் காட்டு,” என்றாள் அம்மை.

காட்டினான். மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

“இப்ப எந்தத் தெய்வம் வந்து சொல்லுச்சு?”

அவன் தன் கையையே பார்த்தான். அதைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

“ஆனா ஓதுறப்ப ஒரு நாளும் எனக்குச் சிலிர்த்ததில்லையேம்மா,” என்றான். “கொல்லாதேங்கிற அந்த இடம் வர்றப்ப பாதி நாள் தூங்கிக்கூட விழுந்திருக்கேன். அத நம்பி இத்தன பேரு முன்னால எப்படி நிப்பேன்?”

மேளம் முற்றத்துக்கே வந்துவிட்டது. அம்மை அவனுக்கும் பிள்ளைக்கும் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

“உன் உடம்பு காலையில போடுன்னுச்சு, இப்பப் போடாதேங்குது. மறை, நீ தூங்கி விழுந்த அன்னிக்கும் கொல்லாதேன்னுதான சொல்லுச்சு.”